பதின்வயதும் கஞ்சாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போதை மீட்பு மையம் ஒன்றில் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. பையனைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பா அம்மா பெரும்பாலும் கேட்பது: யார் பழக்கிவிட்டது, எத்தனை நாளாக நடக்கிறது, எப்போது சரியாகும். நான் முதலில் கேட்பது, "முதல் தடவை இழுத்தபோது என்ன வயது?" என்றுதான். இருபத்தைந்தில் தொடங்கியவனும் பதினான்கில் தொடங்கியவனும் இன்று ஒரே அளவு இழுக்கலாம். ஆனாலும் இரண்டு பேர் கதையும் ஒன்றில்லை. ஏன் என்பதைத்தான் கீழே சொல்லியிருக்கிறேன். எங்களிடம் வருவது அதிகம் பையன்கள் என்பதால் பையன் என்றே எழுதுகிறேன். பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

கஞ்சா ஒரு செடிதானே? சித்த வைத்தியத்திலேயே இருக்கிறதே?

செடிதான். அரளியும் செடிதான். சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்கு இடம் உண்டு. சுத்தி செய்து, வேறு சரக்குகளோடு சேர்த்து, நோயும் வயதும் பார்த்து வைத்தியர் அளந்து கொடுப்பது அது. பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் சாய்ந்துகொண்டு இழுக்கும் பொட்டலத்துக்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

இன்னொன்றும் உண்டு. போதை தருவது அந்தச் செடியில் உள்ள டிஎச்சி என்ற பொருள். அமெரிக்காவில் போலீஸ் பிடித்த கஞ்சாவைப் பரிசோதித்தபோது 1995இல் அதில் சராசரியாக 4 சதவீதம் டிஎச்சி இருந்தது. 2014இல் அது 12 சதவீதம். வீரியம் பார்த்துப் பார்த்து வளர்த்ததால் வந்த ஏற்றம். "எங்க காலத்துல தாத்தா இழுக்காததா" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பதினைந்து வயது மூளைக்கும் முப்பது வயது மூளைக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

தேயிலைத் தோட்டத்திலோ ரோஜாச் செடியிலோ கவாத்து செய்வதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைப் பருவத்தில் மூளை தேவைக்கு மேல் நரம்பு இணைப்புகளைப் போட்டு வைத்துக்கொள்கிறது. பதின்வயதில் கவாத்து தொடங்குகிறது. எது தினமும் பயன்படுகிறதோ அந்த இணைப்பு தங்கும், பயன்படாதது வெட்டப்படும். தங்கியவற்றின்மேல் மயலின் என்ற கொழுப்புறை படிந்து, சேதி வேகமாக ஓடத் தொடங்கும்.

இந்த வேலை மூளை முழுவதும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. ஆசை, பயம், உற்சாகம் இவற்றைக் கிளப்பும் உள்பகுதிகள் முந்திக்கொள்கின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, அதாவது "சரி, கொஞ்சம் பொறு, நாளைக்கு என்ன ஆகும் என்று பார்" என்று சொல்லும் பகுதி, கடைசியாகத்தான் முதிர்கிறது. அதற்கு இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகிவிடும். பதினைந்து வயதில் துணிச்சல் முழுசாக இருக்கிறது, கடிவாளம் பாதிதான் பின்னியிருக்கிறது. பிள்ளையின் குணக்கேடு என்று இதைச் சொல்ல முடியாது. அந்த வயதின் உடம்பே அப்படி.

கவாத்து நடக்கும் அந்தப் பத்து வருடத்தில் தினமும் உள்ளே போவது எதுவாக இருந்தாலும், எந்தக் கிளை தங்கும், எது விழும் என்பதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. முப்பது வயதுக்காரனிடம் அந்த வேலை முடிந்துவிட்டது.

கஞ்சா மூளைக்குள் போய் என்னதான் செய்கிறது?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பையன்களும் இதைக் கேட்கும்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

டிஎச்சியைத் தனியாகப் பிரித்தெடுத்து அது என்னவென்று 1964இல் கண்டுபிடித்தவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த யெஹியேல் கவோனியும் ரஃபேல் மெக்கூலமும். 1988இல், அந்த டிஎச்சி போய் ஒட்டிக்கொள்ள மூளையில் தனியாக ஒரு வாங்கி, அதாவது பூட்டு மாதிரி ஒன்று, இருப்பது தெரியவந்தது. இப்போது அதன் பெயர் சிபி1. அப்போது ஒரு கேள்வி எழுந்தது: எங்கோ வளரும் ஒரு செடிக்காகவா நம் மூளை பூட்டு செய்து வைத்திருக்கும்? அந்தப் பூட்டுக்கு மூளையிடமே ஒரு சாவி இருக்க வேண்டுமே? 1992இல் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் மெக்கூலம் குழுவினர் பன்றியின் மூளையிலிருந்து அந்தச் சாவியைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஆனந்தமைடு. நம் "ஆனந்தம்"தான், சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தது.

ஆனந்தமைடு செய்யும் வேலை நுணுக்கமானது. ஒரு நரம்பணு அடுத்ததற்கு அளவுக்கு மீறிச் சேதி அனுப்பினால், "போதும், குறை" என்று திருப்பிச் சொல்வது இந்த ஏற்பாடு. தேவைப்பட்ட இடத்தில் தேவைப்பட்ட நொடியில் சுரந்து உடனே கரைந்துவிடும். முக்கியமாக, மேலே சொன்ன கவாத்து வேலையிலும் இதற்குப் பங்கு உண்டு. எந்த இணைப்பு பலமாக வேண்டும், எது தளர வேண்டும் என்று சொல்லும் கையில் இதுவும் ஒன்று.

கஞ்சா இழுத்தால் டிஎச்சி மூளையெங்கும் பரவி, எல்லாப் பூட்டையும் ஒரே நேரத்தில் திறந்து, மணிக்கணக்கில் அப்படியே வைத்திருக்கிறது. தினமும் இப்படி நடந்தால், தாங்க முடியாமல் மூளை பூட்டுகளையே குறைத்துக்கொள்கிறது. பழைய அளவு போதவில்லை என்று பையன் கூட்டிக்கொண்டே போவது அதனால்தான். சும்மா இருக்கும்போது எதுவுமே ருசிக்காமல், கிரிக்கெட்டோ அம்மா செய்த மீன்குழம்போ எதுவும் பிடிக்காமல் உட்கார்ந்திருப்பதற்கும் இதுவே பெரிய காரணம்.

படிப்பு போய்விடுமா? அறிவு குறையுமா?

இதில் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும்; ஒன்றை மறைத்தால் பிள்ளைகள் இணையத்தில் தேடி எடுத்துவந்து நம்மையே மடக்குவார்கள்.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைக் குழந்தையிலிருந்தே ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். அவர்களில் பதின்வயதிலேயே கஞ்சாவில் சிக்கி, பெரியவர்களான பிறகும் விடாமல் இருந்தவர்களுக்கு 13 வயதுக்கும் 38 வயதுக்கும் நடுவில் ஐக்யூ ஏறத்தாழ 8 புள்ளி குறைந்திருந்தது. பெரியவரான பிறகு தொடங்கியவர்களிடம் இப்படி ஒரு சரிவு தெரியவில்லை. சிறுவயதில் தொடங்கியவர்கள் பின்னால் நிறுத்தியபோதும் முழுதாகத் திரும்பவில்லை. 2012இல் இது வெளியானது.

அடுத்த பக்கம். 2016இல் அமெரிக்காவில் 3,000க்கும் அதிகமான இரட்டையரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. கஞ்சா தொட்ட பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனையில் மதிப்பெண் குறைந்தது உண்மை. ஆனால் தொடாத கூடப்பிறந்த இரட்டையருக்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்திருந்தது. அப்படியானால் வீட்டுச் சூழல், பரம்பரை, வறுமை போன்றவைதான் காரணமா? ஓரளவுக்கு அப்படித்தான் இருக்கும் போல.

என் கணிப்பு இது: எப்போதாவது ஒரு தடவை இழுத்ததால் அறிவே போய்விடும் என்று பயமுறுத்துவது தப்பு. தினமும், சிறுவயதிலிருந்து, வருடக்கணக்கில் என்று வரும்போது ஆபத்து கண்முன் நிற்கிறது. அதுவும் பிளஸ் டூ படிக்கிறவனுக்கு ஐக்யூ கணக்கைவிடப் பெரிய சங்கதி வேறு. காலையில் இழுத்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்தால் அன்று நடத்திய பாடம் மனதில் பதியாது. புது ஞாபகத்தைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் சிபி1 பூட்டுகள் ஏராளம். பதியாத பாடம் நிறுத்திய பிறகும் திரும்பி வராது. இரண்டு வருடம் அப்படிப் போனால் போனதுதான்.

"கஞ்சா அடிச்சா பைத்தியம் பிடிக்கும்" என்று ஊரில் சொல்வது உண்மையா?

எல்லோருக்கும் பிடிக்காது. சிலருக்கு வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

ஸ்வீடனில் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் அதிகமான இளைஞர்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்து 1987இல் ஓர் ஆய்வு வந்தது. பணிக்கு வரும்போதே 50 தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் வந்தது, தொடாதவர்களைப் போல 6 மடங்கு. மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது அந்த எண் இறங்கியது. ஆனால் இல்லாமல் போகவில்லை. டனீடனிலும் 15 வயதுக்குள் தொடங்கியவர்களுக்குத்தான் 26 வயதில் மனநோய் அறிகுறிகள் அதிகம் தெரிந்தன. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் எடுத்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு என்றது அது.

குடும்பத்தில் சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ அத்தைக்கோ மனநோய் இருந்திருந்தால், அதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். "நம்ம வீட்டுல இது இருக்கு, உனக்கு மத்தவங்களைவிட ஆபத்து ஜாஸ்தி" என்று சொல்லுங்கள். கௌரவம் பார்த்து இதைச் சொல்லாமல் விட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள், டீவியில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று பிள்ளை சொன்னால், போதை தெளியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள்.

கஞ்சாவுக்கு யாரும் அடிமையாக மாட்டார்கள் என்று பையன் அடித்துச் சொல்கிறானே?

நம்பித்தான் சொல்கிறான். குடிகாரரைப் போலக் கை நடுங்குவதில்லை, ஹெராயின்காரரைப் போல உருண்டு துடிப்பதில்லை. அதனால் அடிமைத்தனமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறான்.

கஞ்சாவைத் தொட்டவர்களில் ஏறத்தாழ 11 பேரில் ஒருவர் அடிமையாகிறார். பதின்வயதில் தொட்டவர்களை மட்டும் எடுத்தால் அது 6 பேரில் ஒருவர். பொருள் அதேதான், தொடங்கிய வயது மட்டும் மாறுகிறது. 6 பேரில் 5 பேர் தப்புகிறார்களே என்று பையன் கேட்பான், கேட்கட்டும். வகுப்பில் அவன் பெஞ்சிலும் அடுத்த பெஞ்சிலும் உட்காரும் ஆறு பேரைப் பெயர் சொல்லி எண்ணச் சொல்லுங்கள்.

நிறுத்தும்போது உடம்பு எதிர்ப்பு காட்டுவதும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் இதைத் தனி நோய்நிலையாகவே சேர்த்தது. எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை, வியர்வை. முதல் வாரம் உச்சத்தில் இருக்கும், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். எங்களிடம் இருந்த ஒரு பையனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, தூங்கிய நேரத்தை எழுதி வை என்றேன். முதல் நாள் 2 மணி நேரம். நான்காம் நாள் ஒன்றரை. அதற்குப் பக்கத்தில், "கனவுல பாம்பு" என்று எழுதி அடித்திருந்தான். பத்தாம் நாள் 6 மணி நேரம்; கையெழுத்தே நேராகியிருந்தது. கெட்ட கனவும் இதில் ஒரு பகுதிதான் என்று முன்பே சொல்லிவைத்தால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள். சொல்லாமல் விட்டால், நான்காம் நாள் ராத்திரி "இழுத்தால்தான் தூக்கம் வரும்" என்று பழையபடி போய்விடுவார்கள்.

இதில் தொடங்கினால் ஹெராயின், ஊசி என்று போய்விடுவானா?

கஞ்சா தொட்டவர்களில் பெரும்பாலோர் அங்கே போவதில்லை. ஆனால் வயது இங்கேயும் குறுக்கே வந்து நிற்கிறது.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யாஸ்மின் ஹர்ட் குழுவினர், பதின்வயதுக்குச் சமமான பருவத்தில் இருந்த எலிகளுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை டிஎச்சி கொடுத்தார்கள். பிறகு நிறுத்திவிட்டு அவை வளரும்வரை விட்டார்கள். வளர்ந்த பிறகு ஹெராயின் கிடைக்கும்படி செய்தபோது, சிறுவயதில் டிஎச்சி வாங்கிய எலிகள் மற்றவற்றைவிட அதிகமாக எடுத்துக்கொண்டன. எலிக்குக் கூட்டாளி கிடையாது, தெருமுனை கிடையாது. மூளையே மாறியிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரிந்து குறைவு.

மனிதரில் பார்த்தால், 17 வயதுக்கு முன்பே ஒருவர் தொட்டு மற்றவர் தொடாத 311 ஜோடி இரட்டையரை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தார்கள். முன்னதாகத் தொட்டவருக்கு, குடிப்பழக்கத்தில் சிக்குவது, வேறு போதைக்குப் போவது போன்ற ஆபத்துகள் 2 முதல் 5 மடங்கு வரை இருந்தன. இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே வயது. இதில் மூளையின் பங்கு எவ்வளவு, சேர்க்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். பொட்டலம் விற்பவனிடமே வலி மாத்திரையும் இருக்கிறது என்பதும் உண்மைதானே.

பீடியில் கலந்துதான் இழுக்கிறான். புகையிலை கம்மி என்கிறான்.

இரண்டு போதை ஒன்றாக உள்ளே போகிறது. கஞ்சாவை விட்ட பிறகும் பீடி ஒட்டிக்கொண்டு நிற்பதை நிறையப் பார்க்கிறோம். நிறுத்தும்போது இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பையில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம். இப்போது என்ன செய்வது?

ஓர் அம்மா வந்து மேசைமேல் ஒரு ஜாமெட்ரி பாக்ஸை வைத்தார். காம்பஸுக்கு அடியில் மடித்து வைத்த ரோலிங் பேப்பர். பக்கத்தில் கண் சொட்டு மருந்து. மூன்று மாதமாகப் பையனுக்குக் கண் சிவக்கிறது என்று கண் டாக்டரிடம் கூட்டிப்போனதே அவர்தான்; அந்த மருந்தை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். "நானே அவனுக்கு ஒளிக்கக் கத்துக் கொடுத்திட்டேன் சார்" என்று அழுதார். அன்றைக்கு அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

அன்று ராத்திரியே விசாரணை வைக்காதீர்கள். அவன் போதையில் இருக்கலாம், நீங்கள் கொதிப்பில் இருப்பீர்கள். அடி வேண்டவே வேண்டாம். அடித்தால் பழக்கம் நிற்காது, ஒளிக்கும் இடம்தான் மாறும். மறுநாள், சொந்தக்காரர் யாரும் இல்லாத நேரத்தில், அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் உட்காருங்கள். கண்டதை நேராகச் சொல்லுங்கள்: "இதைப் பார்த்தேன். பயமா இருக்கு. எப்போ ஆரம்பிச்சது?" அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம். ஐந்து நிமிடம் அவன் பேசாமல் இருந்தாலும் நீங்கள் நிரப்பக்கூடாது.

என்ன கிடைக்கிறது என்பதைவிட எதற்காக இழுக்கிறான் என்பதுதான் சிகிச்சைக்கு உதவும். தூக்கம் வரவில்லை என்கிறானா, வகுப்பில் கேலி செய்கிறார்கள் என்கிறானா, மனது பதறுகிறது என்கிறானா? பதற்றம், மனச்சோர்வு, கவனக்குறைவு போன்றவை அடியில் இருந்தால் அதற்கும் சேர்த்து மருத்துவம் பார்க்க வேண்டும். கஞ்சாப் பழக்கத்தை நிறுத்துவதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை கிடையாது. பேச்சு வழிச் சிகிச்சையும் குடும்பத்தின் பொறுமையும்தான் மருந்து. "மூணே நாள்ல போதை போகும், பிள்ளைக்குத் தெரியாம காபியில கலந்து கொடுங்க" என்று பொடி விற்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

நிறுத்தினால் மூளை பழையபடி ஆகுமா?

நிறையவே திரும்பும். குறைந்துபோன சிபி1 பூட்டுகள், தினமும் இழுத்த பெரியவர்களிடமே, நிறுத்திய 4 வாரத்தில் ஏறக்குறைய சாதாரண அளவுக்கு வந்ததை மூளைப் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 16 முதல் 25 வயதுக்காரர்களை ஒரு மாதம் நிறுத்தச் சொல்லிப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், ஞாபகசக்தி கூடியது. அதுவும் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே. பையன்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று நினைப்பவன் நிறுத்த மாட்டான்.

சிறுநீர்ப் பரிசோதனையில் சில வாரம் வரை கஞ்சா தெரியலாம். டிஎச்சி கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறும். அதை வைத்து "மறுபடி இழுத்தான்" என்று முடிவுகட்டி ஒரு நல்ல முயற்சியை உடைத்துவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸுக்குத் தெரிந்துவிடுமா?

சிகிச்சைக்கு வருபவரைப் பற்றிய விவரங்களை ரகசியமாக வைப்பது சட்டப்படி மருத்துவமனையின் கடமை. இந்தியாவின் மனநல மருத்துவச் சட்டம் 2017 அதைச் சொல்கிறது. ஏற்கெனவே வழக்கு ஆகிவிட்டிருந்தாலும் வழி இருக்கிறது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள்: பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமைப்பட்ட ஒருவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தாமாக வந்து சிகிச்சையை முழுதாக முடித்தால் விலக்கு உண்டு. பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுத்தவருக்கு, சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல் இருக்கிறது. குற்றவாளி யார் என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது.

கனடாவில் எல்லாம் கடையிலேயே விற்கிறார்களே?

விற்கிறார்கள், 2018 முதல். ஆனால் 18 அல்லது 19 வயது ஆகாதவருக்கு விற்கக்கூடாது, கியூபெக்கில் 21. அமெரிக்காவில் கடை திறந்த மாநிலங்களிலும் 21தான். அனுமதித்த ஊர்களும் பதினாறு வயதுக்காரனுக்குக் கதவைத் திறக்கவில்லை.

எனக்கு 16 வயசு. ஒரு வருஷமா இழுக்கிறேன். வீட்ல தெரியாது. நிறுத்தணும், எப்படின்னு தெரியல.

தம்பி, இந்தக் கேள்வியை எழுதியதே பெரிய விஷயம்.

இன்றைக்குச் செய்யக்கூடியது மூன்று. கையில் மிச்சம் இருப்பதைத் தண்ணீர் ஊற்றிக் கொட்டிவிடு. "கடைசியா ஒண்ணு" என்று வைத்துக்கொள்ளாதே. வழக்கமாக இழுக்கும் நேரம் எது என்று பார். டியூஷன் முடிந்து ஆறரை என்றால், ஆறரைக்கு வேறு வழியாக வீட்டுக்குப் போ. முதல் பத்து நாள் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், கனவு மோசமாக இருக்கும். அது உன் பைத்தியம் இல்லை, மூளை பூட்டுகளைத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறது. பத்து நாள் தாங்க வேண்டும். தனியாகத் தாங்க வேண்டாம்.

வீட்டில் ஒருவரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும். உனக்கு 18 ஆகாததால் மையத்தில் சேர அப்பாவோ அம்மாவோ வேண்டும். அவர்களிடம் நேரே சொல்ல முடியவில்லை என்றால் அக்காவிடம், பெரியம்மாவிடம், பிடித்த டீச்சரிடம் சொல்லு. அதற்கும் முன்னால் பேசிப் பார்க்க இந்தியாவில் 14416 இருக்கிறது. டெலி மானஸ், அரசு நடத்துவது, இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். போதைக்கென்றே 14446 உண்டு. இலங்கையில் இருந்தால் 1927. எடுப்பவரிடம் உன் வயதைச் சொல்லு. முதல் தடவை எப்போது, யாரோடு, எங்கே என்பதையும் குறைக்காமல், கூட்டாமல் சொல்லு.